சாய்த்து வைத்தவை

மார்ச் 4

கண்காட்சிக் கூடத்தில், என் படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டப்போகும் சுவர்க்குறிப்பை இன்று படிக்கக் கொடுத்தார்கள். 'தாய்மண்ணின் ஏக்கத்தைத் தூரிகையில் வடிக்கும் கலைஞர்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தூரிகையைத் தொட்டே வருடக்கணக்கில் ஆகிறது. அப்புறம், எந்த ஏக்கம்? ஊரை விட்டு ஓடிவந்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு மண்ணும் ஞாபகமில்லை, மரமும் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பதெல்லாம் ஆணி இல்லாத சுவர்கள்.

கூடத்தின் பொறுப்பாளரம்மாவிடம் சொன்னேன். எதையும் பஞ்சில் சுற்றித்தான் பேசுவார். அதனால் மனதுக்குள் அவருக்குப் பஞ்சு என்றே பெயர். "ஏக்கம்னு இருந்தாத்தான் ஜனங்களுக்குச் சட்டுனு புரியும்மா" என்றார்.

புரியாமல் போகட்டுமே!

மார்ச் 5

நேற்று ஆத்திரத்தில் பாதியில் விட்டேன்.

எத்தனை வாடகை வீடு மாறியிருப்போம்! எதிலும் அம்மா ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. "திரும்பிப் போகப்போறவங்களுக்குச் சுவத்துல என்ன வேலை?" காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி தரையில் சாய்ந்திருக்கும். தலை வார மண்டி போட வேண்டும். என் முகத்தைப் பார்க்காமலே ஊரில் செத்துப்போன அப்பாவின் படம், அம்மாவின் கட்டிலருகே, அதுவும் தரையில்தான். பள்ளித் தோழி ஒருத்தி வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இப்பதான் குடி வந்தீங்களா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் ஆறு வருடமாக இருந்தோம். அன்று அம்மாவோடு போட்ட சண்டை இன்னும் தீரவில்லை எனக்கு.

அதைத்தான் காட்சிக்கு வைக்கிறேன். வீட்டுச் சாமான் எல்லாம் தரையில், சுவரில் சாய்த்தபடி. ஒன்றுகூடத் தொங்காது.

மார்ச் 9

அப்பா படத்தைக் கேட்டேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. "முடியாது."

"குடும்மா, அவ என்ன விக்கவா போறா?" என்று அண்ணன் நடுவில் புகுந்தான்.

கடைசி வெங்காயத்தையும் உரித்துப் போட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "சாய்ச்சுத்தான் வைக்கணும். அவரை ஆணியில மாட்டக்கூடாது. சத்தியம் பண்ணு."

அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

மார்ச் 12

எல்லாவற்றையும் நானே சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். சாய்ப்பதும் ஒரு வேலைதான். கொஞ்சம் கூடினால் சரியும், கொஞ்சம் குறைந்தால் முன்னால் விழும். அம்மாவைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை பழகிவிட்டது.

மார்ச் 14

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை.

மார்ச் 15

யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல் இருக்கிறது.

கூடத்தில் படம் மாட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். படம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க எப்போதும் ரசமட்டமும் கையுமாக அலைவார். தரையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, பாதியில் நின்ற வேலை என்று நினைத்துவிட்டார். பாவம், காய்ச்சலில் கிடக்கிறாளே என்று இரக்கப்பட்டு எல்லாவற்றையும் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். காலண்டர், கண்ணாடி, துடைப்பம்கூட. துடைப்பத்துக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தாராம்! அப்பா நட்டநடுச் சுவரில்.

"ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்…" என்று சிரித்தபடி நிற்கிறார். நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல், வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை.

பஞ்சிடம் ஓடினேன். "இதுவும் ஒரு விதத்துல நல்லாத்தாம்மா இருக்கு. தரையில வச்சா வர்றவங்க கால் பட்டுக் கண்ணாடி உடையும். அப்படியே விட்டுடலாமே?"

அப்படியே விடுவதா? என் வேலையின் உயிரையே பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டு — கத்தினேன். அவர் குரல் ஏறவே இல்லை. ஒருதரமாவது நீயும் கத்தித் தொலையேன்!

நாளை மாலை திறப்பு. காலையிலேயே போய் எல்லாவற்றையும் நானே இறக்குவேன். அம்மா வருவதற்குள் அப்பா தரைக்கு வந்தாக வேண்டும். சத்தியம் செய்திருக்கிறேனே.

மார்ச் 17

நேற்றைய கதையை இன்றுதான் எழுத முடிகிறது.

காலண்டரை இறக்கினேன். கண்ணாடியை, துடைப்பத்தை இறக்கினேன். அப்பாவை இறக்கத் திரும்பினால் வாசலில் அம்மா. சாயங்காலம் கூட்டமாக இருக்கும், அம்மாவுக்கு மூச்சு முட்டும் என்று அண்ணன் காலையிலேயே கூட்டி வந்துவிட்டான். இவனுக்கு அறிவு வேலை செய்கிற நேரத்தைப் பார்!

"நான் மாட்டலம்மா. சத்தியமா நான் இல்ல. இதோ இறக்கிடறேன்…" உளறினேன். அவள் காதில் விழவில்லை. நேரே போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"நேருக்கு நேரா பார்த்து எவ்வளவு காலமாச்சு" என்றாள். "எப்பவும் குனிஞ்சுதானே பார்த்தேன். பெருக்கறப்ப அவர் மேல துடைப்பம் படாம பார்த்துக்கறதே பெரும்பாடு."

படத்தை இறக்க நான் கையை நீட்டினேன்.

"இறக்காதே" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. தோழி முன்னால் நான் கூனிக்குறுகி நின்ற அன்றைக்கு இது ஏன் தோன்றவில்லை? நான் கெஞ்சியும் அழுதும் அசையாத மனசு, யாரோ தப்பாக அடித்த ஓர் ஆணியில் மாறிவிடுமா?

"அப்ப ஊருக்குப் போறது?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான். சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான்.

அம்மா திரும்பவில்லை. "அங்க யாருடி இருக்கா?" என்றாள்.

அண்ணன் வெளியே போய்விட்டான்.

மற்றதெல்லாம் தரையில், அப்பா மட்டும் சுவரில். அப்படியேதான் திறந்தோம். 'ஏக்கம்' மட்டும் சுவர்க்குறிப்பில் அப்படியே இருந்தது. கிளம்பும்போது அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். பஞ்சு கேட்டால் கேட்கட்டும்.

ஏப்ரல் 20

படம் வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டிலருகே குனிந்து வைக்கப் போனேன்.

"சுத்தியல் இருக்கா?" என்றாள் அம்மா.

இந்த வீட்டில் சுத்தியல் ஏது? கடைக்குப் போய் வாங்கி வந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் சுத்தியல். இன்னும் கோபம் அடங்கவில்லை எனக்கு; முதல் ஆணி வளைந்தது, சுவர் கொஞ்சம் பெயர்ந்தது. வீட்டுக்காரர் கத்துவார். கத்தட்டும்.

அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, அவள் கண் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இறக்கி அடி" என்றாள்.

"எதுக்கு? இதுதானே நேரா வருது?"

"வயசாக ஆக நான் குறுகிட்டே போவேன்ல. அப்பவும் நேரா பார்க்கணும்."

இறக்கி அடித்தேன்.