கதவின் கீழ்ப்பக்கம்

கிரே ஃபோர்க், கான்சாஸ்
ஆகஸ்ட் 26, 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

தொலைபேசியில் பேசினால் இரண்டு பேரும் கத்திவிடுகிறோம். அதனால் எழுதி, மெக்சிகோவுக்கு, சக்கடெகாஸ் போகும் பார்சல் வேனில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் முழங்காலுக்குத் தைலம்.

பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறேன். பெயர் கொடுத்தாகிவிட்டது. இறைச்சி ஆலையில் மாடு அறுப்பவர்கள் நம் ஆட்கள். பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். குழுவில் மட்டும் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. புதுக் கட்டடம் வேண்டாம் என்று அவர்கள் கை தூக்கியதால், இரண்டாம் வகுப்பு இன்னும் மைதானத்தில் நிறுத்திய ஒழுகும் தகர டிரெய்லரில்தான் நடக்கிறது. நம் கைகள் வேண்டும், நம் பிள்ளைகள் வேண்டாம்! ஆனால் நாளைக்கு இந்த ஊரை நடத்தப்போவது அந்த டிரெய்லரில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அது எப்படிப்பட்ட ஊராக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அடங்காத ஆசை.

ஒரே சிக்கல், யாரும் கதவைத் திறப்பதில்லை. தட்டியதும் டிவி சத்தம் நின்றுவிடுகிறது. திரை அசைகிறது. ஒரு வீட்டில் ஒரு குட்டிப்பெண் கத்தினாள்: "வீட்ல யாருமே இல்ல! நானும் இல்ல!"

சிரித்தேன். பிறகு அடுத்த கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். குடியேற்றப் போலீஸுக்குப் பயந்து நீயும் நானும் சோபாவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது நினைவிருக்கிறதா?

உன்
யரேலி

சான் ஹெரோனிமோ
செப்டம்பர் 9

என் செல்ல மகளுக்கு,

தைலம் வந்தது. மூடி சரியாக இல்லாமல் பாதி கொட்டிவிட்டது. உன் அவசரம் உன் பார்சலிலும் தெரிகிறது.

நீ அங்கே பிறந்தவள். உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உன் அப்பா? இத்தனை வருடம் காகிதம் எதுவும் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் வேலைக்குப் போய் வருகிற மனிதர். அவருடைய குடும்பப் பெயரை நீ ஊரெல்லாம் சுவரில் ஒட்டுகிறாய். கோபக்காரன் எவனாவது ஒருத்தன் குடியேற்றப் போலீஸுக்கு ஒரு போன் செய்தால் போதும். என் அப்பாவின் சாவுக்கு வந்த நான் எல்லைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது போதாதா?

நிறுத்திவிடு, கண்ணு. கதவு திறக்காதவர்கள் முட்டாள்கள் இல்லை.

அம்மா

கிரே ஃபோர்க்
செப்டம்பர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஆலைக்குப் பின்னாலுள்ள தெருவில் ஒரு கதவும் திறக்காத எரிச்சலில், "நான் தோன்யா குக்கா மக! வீடு வீடா சோளமாவு தமாலே வித்தாங்களே, அவங்க மக!" என்று கத்தினேன்.

கதவு படாரென்று திறந்தது. "அடிப்பாவி, குக்கா மகளா? இத முதல்லயே சொல்றதுக்கென்ன? உங்கம்மா போனதுலேருந்து எங்க வீட்டுல நல்ல தமாலே கிடையாது. உள்ள வா, எலும்பா இருக்கியே!"

அந்த அம்மாவுக்கு ஓட்டு இல்லை. "எனக்கேதுடி ஓட்டு?" என்றவர் உள்ளே திரும்பி, "டேய் ப்ரேயன்! காதுல இருக்கறத கழட்டிட்டு வாடா! உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சில்ல?" என்றார். சோளச் செடி மாதிரி வளர்ந்த ஒருவன் வந்து நின்றான். அவனும் ஒழுகும் டிரெய்லரில் படித்தவன்தான்.

அம்மா, வீட்டுக்கு வீடு இதேதான். முன்னால் ஓட்டில்லாத ஒருவர், பின்னால் ஓட்டுள்ள ஒரு பிள்ளை. இவர்களை யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை, நாம் உட்பட!

அப்பாவிடம் பேசினேன். "போஸ்டர்ல என் மீசையப் போடல இல்ல? அப்புறம் என்ன" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து வேலைக்குப் பின்சந்து வழியாகத்தான் போகிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ சொல். வேண்டாம் என்றால் இனி ஒரு கதவையும் தட்ட மாட்டேன்.

யரேலி

சான் ஹெரோனிமோ
அக்டோபர் 7

யரேலிக்கு,

நேற்று என் கதவை யாரோ தட்டினார்கள். ரேடியோவை அணைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றேன். மறுபடியும் தட்டினார்கள். மூச்சுவிடவில்லை. பிறகுதான் உறைத்தது. இது என் நாடு, நான் பிறந்த வீடு. இங்கிருந்து என்னை யார் எங்கே துரத்த முடியும்? திறந்து பார்த்தால் வேன்காரர். "ஏம்மா, கடன்காரன்னு நெனச்சீங்களா?" என்று உன் கடிதத்தை நீட்டினார்.

இந்தப் பயத்தை மூட்டை கட்டி இங்கேயும் கொண்டுவந்திருக்கிறேன். அந்தச் சோளச் செடிப் பையனுக்கும் இதே மூட்டையைக் கொடுக்க வேண்டுமா? இரவெல்லாம் யோசித்தேன்.

உன் அப்பா என்னிடம் போனில் பேசினார். உன்னிடம் சொல்ல வெட்கமாம். "பயமாத்தான் இருக்கு குக்கா. ஆனா அவ நிறுத்திட்டா அதவிட அசிங்கமா இருக்கும்" என்றார்.

நீ தட்டுவதே தப்பு. போலீஸ்காரன்தான் கதவின் மேல்பக்கம் தட்டுவான். எனக்கு இரண்டு கையிலும் தமாலே பானை இருக்கும். செருப்பு முனையால் கதவின் கீழ்ப்பக்கம் இரண்டு உதை விடுவேன். அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் திறப்பார்கள். நீயும் கீழே தட்டு. அம்பாரோ வீட்டில் மட்டும் என் பெயரைச் சொல்லாதே, எங்களுக்குள் பழைய சண்டை.

அம்மா

கிரே ஃபோர்க்
நவம்பர் 11

அம்மா,

ஜெயித்துவிட்டேன். போனில் சொன்னபோது நீ அழுததால் மீதியைச் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு நாற்காலிதான். குழுவில் மற்றவர்கள் என்னைத் தவறான வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் பார்க்கிறார்கள். டிரெய்லர் இன்னும் ஒழுகுகிறது. அதைத்தான் முதல் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

இன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நம் கதவின் கீழ்ப்பக்கம் இரண்டு உதை. நான் எழுவதற்குள் அப்பா போய்விட்டார். திரையை விலக்கிப் பார்க்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. நேராகத் திறந்தார். ப்ரேயன், கையில் அவன் அம்மா செய்த தமாலே பானை.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் அப்பா அங்கேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்காற்று வீடெல்லாம் நிறைந்தது. "கதவச் சாத்துங்கப்பா" என்றேன்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி" என்றார்.

யரேலி