முதற்பக்கத் திருத்தம்

வெள்ளவத்தை,
சனிக்கிழமை.

அன்புத் தம்பி நப்ரீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். டோஹாவில் நீயும் நலமாக இருக்க துஆச் செய்கிறோம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ லைனை வெட்டிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை வெட்ட முடியாதே.

நேற்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைச் சந்தேகநபர் என்று போட்ட அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், நீ சாட்சி மட்டுமே என்று போட்டு மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள். கோபப்படாமல் முழுவதையும் வாசி.

பத்திரிகை ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு முறைப்பாட்டுக் குழு வைத்திருப்பதாக உன் மச்சான் ஷிஹான்தான் கேள்விப்பட்டு வந்தார். தப்புச் செய்கிறவர்களே விசாரிப்பதா என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். போய்ப் பார்த்தால் வேறு பத்திரிகைகளின் ஆசிரியர்களும் இருந்தார்கள். தலைமையில் யூஜினா என்று கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு மூத்த பத்திரிகையாளர்.

செய்தியை எழுதிய சாந்தகுமாரும் வந்திருந்தார். நகைக்கடை உடைபட்டதைக் கண்டு நீ பொலிஸில் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றி அவர் பொலிஸாரிடம் போனில் விசாரித்திருக்கிறார். சிங்களத்தில் அவர்கள் ‘சாக்ஷிகரு’ என்று சொன்னது, பஸ் இரைச்சலில் இவர் காதில் ‘செககரு’ என்று விழுந்திருக்கிறது. சாட்சி, சந்தேகநபர் ஆகிவிட்டது. எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும், அதால திருப்பிக் கேட்கேல்ல என்றார். உன் வேலையும் போய், ஊரை விட்டும் போனது இதற்காகத்தானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அவர் அழத் தொடங்கியதும் பாவமாகவும் இருந்தது.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் உள்பக்கத்தில் மூன்று வரி போடுகிறேன் என்றார். முதற்பக்கத்தில் போன மானம் உள்பக்கத்தால் திரும்பி வருமா என்று கேட்டேன். இவர்களை உள்ளே தள்ள அரசாங்கம் சட்டம் போட வேண்டும் என்று மச்சான் சத்தம் போட்டார். யூஜினா கோபிக்கவில்லை. அந்தப் பிரம்ப அரசாங்கத்திட கையில குடுத்தா, நாளைக்கு உங்களுக்காக எழுதுறவனுக்கும் அடி விழும் தம்பி, எங்கட பிழைய நாங்கதான் திருத்தோணும் என்றார். பிழை வந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னார்.

அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். மற்ற ஆசிரியர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சரி என்றார். இனி ஒருவர் பெயரைக் குற்றத்தோடு போடுமுன் அவரிடமோ வீட்டாரிடமோ ஒரு வார்த்தை கேட்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு காலம் கடைப்பிடிப்பார்களோ தெரியாது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

அந்தச் செய்திக்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்கும் போகாத உம்மா, நேற்றுப் பத்திரிகையை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு எங்கள் ஃப்ளாட்டில் மாடி மாடியாக ஏறி இறங்கிக் காட்டினார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. இரவு சாப்பிடும்போது மட்டும் அழுதார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்கள் மச்சானை மறித்து, சாட்சி செல்லின புள்ள எப்ப வாற என்று கேட்டார்களாம். அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு திகதி வேண்டும், தம்பி.

உன் ராத்தா,
ஷஹீமா