எல்லாருக்கும் அறுபது வயது

இன்று காலை ஆபீசில் ஒரு பட்டியலைத் திறந்தேன். தரங்கம்பாடிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று அனுப்பியது. வயது என்ற கட்டத்தில் அறுபது, அறுபது, அறுபது என்று கீழே வரை இறங்கிக்கொண்டே போனது. உன் கையெழுத்து இல்லை, கம்ப்யூட்டர் எழுத்துதான். இருந்தாலும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. எழுந்து போய்க் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றேன்.

நீ நர்ஸாக இருந்த முத்துப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் உன்னைப் பார்க்க வந்தேனே, அந்த நாள்தான் முதலில் ஞாபகம் வந்தது. மயிலாடுதுறைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். இத்தனை வருஷம் கழித்து உன் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். நடவு நேரம். கணுக்காலில் சேறு காயாமல் ஒரு அம்மா வந்து நின்றார். நீ வயசு கேட்டாய்.

"அறுவதுன்னு போட்டுக்கம்மா."

"போன வருஷமும் அறுவதுதான் சொன்னீங்க. மூத்த பொண்ணுக்கு என்ன வயசு?"

"அவளுக்கா? அவ பேத்தியே வயசுக்கு வந்துட்டாளே!"

நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார். வரிசை வாசல் வரை நின்றது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். நீ அறுபது என்றே எழுதினாய். முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கு மனசில் நின்றுபோன எண் அது, அதற்கப்புறம் இவர்களுக்கு வயசே ஏறாது என்று நீதான் சொன்னாய்.

என் வேலை உனக்குத் தெரியும். காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்டு மார்க் போடுவது. வயதானவர்கள் அதிகம் வரும் இடத்தில் சாவும் அதிகம் இருக்கும் என்பதால் அந்த ஆஸ்பத்திரிகளுக்கு மார்க்கில் ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையும் எழுதிய வயதைப் பார்த்துத்தான். தஞ்சாவூரில் பளபளவென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆபீஸ் போகிறவர்கள் வருகிறார்கள், சரியான பிறந்த தேதியோடு. உங்களிடம் வந்தவர்கள் எண்பதைத் தொட்டவர்கள், வயலில் மயங்கி விழுந்த பிறகு தூக்கி வரப்பட்டவர்கள். ஆனால் அறுபது வயதுக்காரர்கள் உங்கள் இடத்தில் சகட்டுமேனிக்குச் செத்துப்போவதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. உங்களுக்குக் கடைசி இடம். கடைசியில் வருகிற ஆஸ்பத்திரியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

விஷயம் காதில் விழுந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என் ஆபீசுக்கே வந்துவிட்டாய்.

"ஒரு வாரம் நிறுத்தி வைடி. ஊரு ஊரா போயி சரியான வயசைக் கேட்டு எழுதிட்டு வந்துடறேன்."

"தேதி முடிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் ஒரே ரூல்தானே."

"நீதான் பக்கத்துல உக்காந்து பாத்தியே."

பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன். இப்போது உன் முகத்தைப் பார்க்காமல், காபி சாப்பிடறியா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாய். எனக்கு ரூல் மேல் பக்தியெல்லாம் இல்லை. ஏன் தாமதம் என்று மேலே யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம், அவ்வளவுதான்.

நீ மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டு என் டிராயரில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஜாம்பவானோடை, தில்லைவிளாகம் என்று போகவேண்டிய ஊர்களை மட்டும் எழுதியிருக்கிறாய்.

காப்பீட்டு அட்டை செல்லாது என்றதும் உங்களிடம் கூட்டம் நின்றுபோனது. ஆறு மாதத்தில் படுக்கைகளை எடுத்துவிட்டார்கள். பகலில் மாத்திரை கொடுக்கும் இடமாகிவிட்டது. அடுத்த அறுவடைக்குள் உனக்கு நெஞ்சு வலி வந்தது. அந்தக் கட்டடம் உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உன் வீட்டுக்காரர் அதைத் தாண்டித்தான் காரைத் தஞ்சாவூருக்கு விடச் சொன்னார். மன்னார்குடி தாண்டியதும் நீ பேச்சை நிறுத்திவிட்டாயாம்.

நான் ஓடிவந்தபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இறப்புச் சான்றிதழுக்கு உன் வயதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி, "ஒரு அம்பது போட்டுக்கங்க" என்றார்.

"இல்லைங்க, நாப்பத்தாறு" என்று நான் திருத்தினேன். ஒரே பெஞ்ச், எனக்குத் தெரியாதா? அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொண்டார்கள். ஒன்றுக்கும் உதவாத அந்தத் தாளில்தான் எனக்குத் திருத்த வாய் வந்தது.

ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, பட்டியல் அனுப்பிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஒவ்வொருத்தரா விசாரிச்சு, மூத்த புள்ளைக்கு என்ன வயசுன்னு கேளுங்க. அதை வச்சுப் புடிச்சுடலாம்."

"இன்னிக்குத்தானே மேடம் கடைசி நாள்?"

"ஒரு வாரம் எடுத்துக்கங்க."

போனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் தேதியை மாற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் வேலை ஓடாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.