வாசப்படியில் அழித்த பாதங்கள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதறது. நீயும் மருமகளும் வயித்துல இருக்கற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். இதை முதல்லயே எழுதி வெச்சுடறேன், ஏன்னா மீதியைப் படிச்சுட்டு அம்மா நல்லதா ஒரு வார்த்தை எழுதலையேன்னு நீ சொல்லக்கூடாது. இங்க அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. என் முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படி ஏறினா நான் இருக்கேன்னு ஞாபகப்படுத்தும். சமையலறைக் குழாய் ஒழுகிட்டிருந்ததை ஒருவழியா ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனார். இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு கேப்பே. போன்ல பேசினா பாதியில நெட்வொர்க் சரியில்லம்மான்னு வெச்சுடுவே. காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது, பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் கடைசி வரி வரைக்கும் படிச்சாகணும்.

கிருஷ்ண ஜெயந்தி அன்னிக்கு நடந்ததைத்தான் எழுதறேன். பாதி நீயே பார்த்தே, மீதியை நான் சொல்றேன். உனக்கே தெரியும், நம்ம வீட்டுல பாதம் போடறது அக்கா வேலை. ஏழு வயசுலேர்ந்து அவதான். கல்யாணமாகி ரெண்டு தெரு தள்ளிப் போனப்புறமும் அன்னிக்கு மட்டும் எப்படியாவது வந்துடுவா. மாவை நைசா அரைச்சு, கையை மூடிப் பக்கவாட்டுல ஒத்தி எடுத்து, மேல அஞ்சு விரல் பொட்டு வெச்சா, நிஜமாவே ஒரு பிள்ளை ஈரக்காலோட வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கும். பாதம் உள்பக்கம் பார்த்துத்தான் இருக்கணும், வெண்ணெய் தேடி வர குழந்தை நம்ம வீட்டுக்குத்தான் வருதுன்னு அர்த்தம். இந்த வருஷம் ஆஸ்பத்திரியில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்து உக்காந்தா. தம்பி பிள்ளை வரப்போற வருஷம்மா, இந்தத் தடவை அடி கொஞ்சம் நெருக்கமா வெக்கறேன், அவசரமில்லாம நிதானமா வரட்டும்னு சொல்லிச் சிரிச்சா. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல, உன் பிள்ளைக்காக விரதம். நீயும் மருமகளும் பார்க்கணும்னு போனைப் பருப்பு டப்பாமேல சாய்ச்சு வெச்சிருந்தேன். விளக்குல திரி ஒருபக்கமா சாயுதும்மான்னு நீ அங்கேர்ந்து சொன்னே. அந்த அளவுக்குத் தெளிவாத் தெரிஞ்சுது உனக்கு.

வாசப்படியில நாலு பாதம் போட்டிருந்தா, அப்பத்தான் அப்பாவோட அக்கா, உன் அத்தை வந்தாங்க. செருப்பைக்கூடக் கழட்டல, நின்ன நிலையில, நீ எழுந்திரும்மா நான் போடறேன்னு சொன்னாங்க. அக்கா விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சு, ஏன் அத்தை என் கை சுத்தமாத்தானே இருக்குன்னு மாவுக்கையைத் தூக்கிக் காட்டினா. சுத்தத்தை யார் கேட்டா, இது வரப்போற குழந்தைக்குப் போடற பாதம், மூணு தடவை பார்த்தாச்சே, அந்தக் கை வேண்டாம்னு சொன்னாங்க அத்தை. ரெண்டு வயித்துலயே போய், மூணாவது ஒம்பது நாள் இருந்துட்டுப் போனவளைப் பார்த்து இப்படிச் சொன்னா அவ என்ன பதில் சொல்லுவா? அவ உன்னைத்தான் பார்த்தா. என்னைப் பார்க்கல, அப்பாவைப் பார்க்கல, டப்பாமேல இருந்த உன்னைப் பார்த்தா. நீ சத்தம் சரியா கேக்கலம்மா, அப்புறம் கூப்பிடறேன்னு வெச்சுட்டே. திரி சாஞ்சது தெரியுது, அக்கா முகம் தெரியல, அப்படித்தானே?

அவ எழுந்து போய்க் குழாயடியில ரொம்ப நேரம் கையைக் கழுவினா. மாவு போக அவ்வளவு நேரம் ஆகாது. அப்புறம் பையை எடுத்துட்டுப் போயிட்டா. அவ போட்ட நாலையும் துடைச்சுட்டு முதல்லேர்ந்து போடணும், ஒரு ஈரத்துணி கொடுன்னு அத்தை கேட்டாங்க. எடுத்துக் கொடுத்தது நான். இதை உனக்கு எழுதாம விட்டிருக்கலாம். ஆனா உன்னை மட்டும் குத்தம் சொல்லி எழுதற யோக்கியதை எனக்கு இல்லை, அதனால எழுதறேன். நல்ல நாளும் அதுவுமா சண்டை வேண்டாம்னு நினைச்சேன். நாற்பது வருஷமா இந்த வீட்டுல அப்படி நினைச்சு நினைச்சே என் வாய் மூடிக்கிச்சு.

விளக்கேத்தின அப்புறம் வழக்கம்போல அப்பா பிறந்த கதையைப் படிச்சார். கிருஷ்ணன் பிறந்தது நடுராத்திரின்னாலும் நம்ம வீட்டுல சாயங்காலமே பூஜையை முடிச்சுடுவோமே. தேவகி ஜெயில்ல இருக்கா, பெத்த ஆறு பிள்ளையையும் அண்ணன்காரன் கொன்னுட்டான்னு வர இடத்துல அப்பா நிறுத்திட்டார். கண்ணாடியைக் கழட்டிட்டு, அக்கா, ஒரு சந்தேகம், ஆறு பறிகொடுத்தவ கையில எட்டாவதைக் கொடுக்கலாமா கூடாதான்னு அத்தையைக் கேட்டார். உங்கப்பா அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவ தெய்வத்தைப் பெத்தவடா, இதையும் அதையும் சேர்த்துப் பேசாதேன்னாங்க அத்தை. தெய்வம்னு பெத்த அப்புறம்தானே தெரிஞ்சுது, முதல் நாள் வரைக்கும் அவளும் ராசியில்லாதவதானேன்னார் அப்பா. அத்தை வெண்ணெயைக்கூட வாங்கிக்காம எழுந்து போயிட்டாங்க. தொட்டிலை யாரும் ஆட்டல. எனக்கு இத்தனை வருஷம் இந்தப் பண்டிகைன்னா ஓடி வர பாதமும் வெண்ணெயும் தொட்டிலும்தான். பெத்த கையோட பிள்ளையைக் கூடையில வெச்சு அனுப்பிட்டு, வெறும் மடியோட உள்ள உக்காந்திருந்தவளை நான் நினைச்சே பார்த்ததில்லை. அவளுக்கு யார் தொட்டில் கட்டினா?

மறுநாள் அவலும் வெண்ணெயும் டப்பாவுல எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினோரு வருஷமா பிறந்த குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கா, நான் அங்க போய்ப் பார்த்தது அன்னிக்குத்தான். பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒரு பிள்ளையோட பாதத்துல மை தடவிப் பதிவுத்தாள்ல ஒத்தி எடுத்துட்டிருந்தா. அதைப் பெத்தவ பக்கத்துல படுத்துக்கிட்டு, சிஸ்டர் மெதுவா மெதுவான்னு சிரிக்கறா. எந்தத் தாயும் இவ கை வேண்டாம்னு சொல்லல. வெளிய வந்தா, டப்பாவை வாங்கிக்கல. நான் மன்னிச்சுடுடின்னு சொன்னேன். நீ துணி எடுத்துக் கொடுத்தது வரைக்கும் வாசல் கேட் பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தாம்மா போனேன்னா. அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன். அவ போனை எடுத்து முந்தின ராத்திரி நீ அனுப்பியிருந்ததைக் காட்டினா. என் மாமியாரே வராங்க, நீ வீணா அலைய வேண்டாம் அக்கான்னு ரெண்டு வரி. பிரசவத்துக்கு நீதான் வரணும், நீ இருந்தாத்தான் எங்களுக்குப் பயமில்லைன்னு கெஞ்சினவன் நீ. அவ ரெண்டு மாச லீவு வாங்கி, டிக்கெட் எடுத்து, குட்டிக் குட்டிச் சட்டையா தைச்சு வெச்சிருந்தா. லீவை ரத்து பண்ணிட்டேம்மா, சட்டையெல்லாம் வார்டுல கொடுத்துட்டேன்னு சொன்னா. அழலை. அழுதிருந்தா எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

அத்தைக்கு வயசு எழுபத்தியொண்ணு, காலம்பூரா அப்படியே கேட்டு வளர்ந்தவங்க, அவங்க வாயால சொன்னாங்க. நீ படிச்சவன், வெளிநாட்டுல பெரிய வேலையில இருக்கறவன், அதையே நாசூக்கா எழுதி அனுப்பிட்டே. உன் மருமக பயப்படறா அம்மான்னு நீ சொல்லலாம். அவ பயப்படட்டும், முதல் பிள்ளை, பயம் வரத்தான் செய்யும். அக்காவைப் பத்தி எடுத்துச் சொல்ல வேண்டியவன் நீதானே? உனக்கு அம்மை போட்டப்ப பள்ளிக்கூடம் போகாம பக்கத்துலயே இருந்தவ அவ, அந்தக் கையை நீ எப்படிடா வேண்டாம்னே?

பிள்ளைக்கு மூணு மாசம் ஆனதும் நாங்க ரெண்டு பேரும் அங்க வரதா இருந்தோம். அது இல்லை. அக்காவுக்கு இடமில்லாத வீட்டுக்கு நாங்க வரலை, அப்பாவும் இதைத்தான் சொன்னார். நீ அவளுக்கு மெசேஜ் அனுப்பாதே, கூப்பிட்டுப் பேசு. அவ எடுக்க மாட்டா. எடுக்கற வரைக்கும் கூப்பிடு. எடுத்தாலும் வருவாளான்னு தெரியாது, வரச்சொல்லி நான் அவகிட்ட கேக்க மாட்டேன்.

பிறக்கப்போற பிள்ளை பேர்ல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அது நல்லபடியாப் பிறந்து, ஆயுசோட, பெத்தவங்களைவிட நல்ல மனசோட வளரணும். மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும்தான், பெத்துட்டேனே.

ஒண்ணு மறக்காதே. மருமகளுக்குக் கால் வீங்கினா சாதாரணம்னு விட்டுடாதீங்க. தலைவலியும் சேர்ந்து வந்தாலோ, கண்ணு மங்கினாலோ, மணி பார்க்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நேத்து உனக்கு எழுதப் போறேன்னு சொன்னப்ப அக்கா சொன்னது இது. நான் சொன்னேன்னு வேண்டாம், நீயே சொல்ற மாதிரி எழுதும்மான்னா. நான் அப்படி எழுதலை.

இப்படிக்கு,
உன் அம்மா