இடப்பக்கம் சாய்ந்த திரை

ஜூன் 8, 2025, ஞாயிறு

காலையிலிருந்து இவர் காருக்குள்ளேயே இருக்கிறார். பழைய ஸ்டீரியோவைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பொந்தில் ஒரு டேப்லெட்டைப் பொருத்தப் போகிறாராம். கடையில் விற்கிற ஸ்டாண்டு ஆடும், நாமே செய்தால்தான் உட்காரும் என்கிறார். செருப்பு டப்பாவைக் கிழித்து அளவு வெட்டி, டேஷ்போர்டில் வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி... சாப்பிடக் கூப்பிட்டால் பதில் இல்லை.

எதற்கு டேப்லெட் என்றேன். "மேப் பாக்க" என்றார்.

சைனிக்புரியிலிருந்து கச்சிபௌலி ஆபீசுக்கு வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன். வழியில் உள்ள குழிகள்கூட மனப்பாடம். எனக்கு எதற்கு மேப்? இவர் போன வருஷமே ஓட்டுவதை நிறுத்திவிட்டார். முட்டி வலியாம். தினமும் நான்தான் மியாப்பூரில் இறக்கிவிடுகிறேன். அங்கிருந்து பட்டான்செரு ஃபாக்டரிக்குக் கம்பெனி பஸ். வேலை நாளில் நாங்கள் பேசிக்கொள்வது அந்தக் கார் பயணத்தில்தான். அதிலும் இப்போதெல்லாம் நான் பேசுவேன், இவர் ம் கொட்டுவார்.

ஜூன் 14, சனி

இன்றைக்கும் "கொஞ்சம் வேலை இருக்கு" என்று செகந்திராபாத் போய்விட்டார். என்ன வேலை? சொல்லவில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை, மெசேஜில்தான் பதில். தன் தம்பி ஜகதீசனோடு விடிய விடியப் பேசுகிறவர், இப்போது அவன் போனையும் கட் செய்கிறார். என் முன்னால் பேச முடியாதபடி அப்படி என்ன?

ஜூன் 15, ஞாயிறு

மாட்டிவிட்டார். அலுமினியத் தகட்டை வளைத்து, பின்னால் ரப்பர் கொடுத்து, விளிம்பைத் தேய்த்து, டேஷ்போர்டின் அதே சாம்பல் நிறத்தை அடித்து. வண்டியோடு வந்தது மாதிரியே இருக்கிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. வண்டியைக் குழியில் இறக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

ஆனால் திரை என் பக்கம் இல்லை. இடப்பக்கம், அவர் உட்காருகிற பக்கம் சாய்ந்திருக்கிறது. எனக்கு வெளிச்சம்தான் தெரிகிறது.

"ஓட்டறது நான். மேப் உங்களுக்கா?"

"நான் பாத்துச் சொல்றேன், பத்மா."

ஜூன் 17, செவ்வாய்

மியாப்பூர் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு திருப்பம்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

ஸ்டீரிங் பக்கத்தில், கண்ணாடி ஓரத் தூணில் ஒரு மெல்லிய கறுப்பு வயர். நுனியில் பட்டாணி அளவில் ஏதோ. சாயங்காலம் வரும்போது நேரேட்மெட்டில் எலக்ட்ரீஷியன் ராகேஷ் கடையில் நிறுத்தினேன். டேப்லெட்டுக்குக் கரன்ட் இழுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"யே கைக்கு, ராகேஷ்?" இது எதற்கு என்று கேட்டேன்.

"மைக் ஹை மேடம். சார் இச் போலே, மேடம் சைட் லகாவ்."

மைக். என் பக்கம் வைக்கச் சொன்னாராம். மேப்புக்கு எதற்கு மைக்?

ஜூன் 19, வியாழன்

இவரை இறக்கிவிட்ட பிறகு, வழக்கம்போல் திருச்சியில் இருக்கும் மங்கை அக்காவோடு போனில் பேசிக்கொண்டே ஆபீஸ் வந்தேன். பார்க்கிங்கில் இறங்கும்போது அந்தத் திரையை எட்டிப் பார்த்தேன்.

நான் பேசியது. அத்தனையும். தமிழில், வரி வரியாக. "இவரோட பேசறது செவுத்தோட பேசற மாதிரி இருக்குக்கா." மேலே தள்ளத் தள்ள நேற்று பேசியது, முந்தாநாள் பேசியது. எல்லாம் என் பேச்சு. அவர் பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை.

எங்கள் டீமில் சாஹித்யாவின் புருஷன் இப்படித்தான் அவள் பேசியதை எல்லாம் ரெக்கார்ட் செய்து கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்கு அவளிடம், "எப்படி உனக்குத் தெரியாமப் போச்சு?" என்று கேட்டது நான்தான்.

இவரா? கிருஷ்ணகுமாரா? கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மனசு வராத மனுஷன். அப்படியென்றால் எனக்கு இவரைத் தெரியவே தெரியாதா?

ஜூன் 20, வெள்ளி

காரில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மூன்று தடவை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும். திரை காலியாகவே இருக்கட்டும்.

ஜூன் 23, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூகட்பல்லி சிக்னலில் நல்ல மழை. வண்டிகள் நகரவில்லை. கையை நீட்டி டேப்லெட்டை அணைத்தேன். இவர் திடுக்கிட்டு, "ஏன் பத்மா?" என்றார். நான் ரோட்டைப் பார்த்தபடியே, "யாருக்காக என்னை ரெக்கார்ட் பண்றீங்க?" என்றேன்.

அணைந்த திரையையே பார்த்தார்.

"வக்கீலைப் பாத்தாச்சா? சனிக்கிழமையானா அங்கதான் போறீங்களா?"

"ம்."

ம்-ஆ? "சரி. நான் திருச்சிக்கே போயிடறேன். இந்த வாரமே போயிடறேன்."

சிரித்தார். தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமாமா, சரியான மழை" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை இல்லை, வாயை. பரீட்சையில் கேள்வி புரியாத பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு.

சிக்னல் தாண்டி ஓரம் கட்டினேன். முகத்தை நேராகத் திருப்பி, மெதுவாகக் கேட்டேன். "காது கேக்கலையா?"

வைப்பரைப் பார்த்தார். அப்புறம் அவரே டேப்லெட்டைப் போட்டார்.

"இடது காது சுத்தமா போச்சு. வலதுல, இரைச்சல் இருந்தா எதுவும் புரியறதில்ல. அதனாலதான் ஓட்டறதையும் விட்டேன். கார்ல நீ பேசிண்டே வருவே. நீ என்ன சொல்றேன்னு தெரியாம தலையாட்டிண்டு வந்தேன். உன் பேச்சு மட்டுமாவது வேணும்னு..."

சனிக்கிழமைகள் காது டாக்டராம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கம்ப்ரஸர் கூடத்து இரைச்சலில் வேலை. வேறென்ன ஆகும்?

"அக்காகிட்ட நான் பேசினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். செவுத்தோட பேசறேன்னு சொன்னே. சரிதானே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா ஃபாக்டரில சொல்லச் சொல்லுவே. சொன்னா பிளான்ட் உள்ள விட மாட்டா."

அப்போதுதான் உறைத்தது. "அங்க சைரன் அடிச்சா கேக்குமா?"

திரையைப் படித்தார்.

"கேக்குமா?"

"மத்தவா ஓடினா தெரியும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "யாரும் பக்கத்துல இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?" இவர் ஒரு வால்வை மூடாமல் நின்றால் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? "நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்றேன்." அதையும் அந்தத் திரை பிழையில்லாமல் எழுதியது.

ஜூன் 24, செவ்வாய்

மத்தியானம் மெசேஜ்: "மேனேஜர் சீனிவாசனிடம் சொல்லிவிட்டேன்." அவ்வளவுதான். நான் கான்டீனில் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

பிளான்டிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலது காதில் மெஷின் வந்திருக்கிறது. எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம், கழற்றிக் கழற்றி வைக்கிறார். நான் சொல்லச் சொன்னதால்தானே என்று ஒரு பார்வை. தாங்கிக்கொள்கிறேன். வேறு வழி இருந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

இன்று மறுபடி டேஷ்போர்டைத் திறந்தார். ஸ்டீரிங் பக்கம், என் விரல் எட்டும் இடத்தில் ஒரு சின்ன பட்டன். அழுத்தினால் மைக் நின்றுவிடும், எழுதியதும் அழிந்துவிடும்.

"முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார்.

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று காரில் சண்டை. மெஷினை டிபன் டப்பாவோடு போட்டுச் சாம்பாரில் நனைத்து வைத்திருக்கிறார். நல்லவேளை, துடைத்துக் காதில் மாட்டியதும் வேலை செய்தது. ஆனாலும் விடுவேனா? சிக்னலில் நின்றதும் ஆரம்பித்தேன். "உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?"

திரையைப் பார்த்தார். நிதானமாக, "இருக்கே. நேத்துதான் ஒரு கிலோ வாங்கினேன்" என்றார்.

"என்னது?"

சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். திரையில், "உங்களுக்கு கொஞ்சமாவது பருப்பு இருக்கா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்க. ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர்.

அவர் என் கையைத் தட்டினார்.

"எடு பத்மா, பின்னாடி ஹாரன் அடிக்கறான்."

பச்சை எப்போதோ விழுந்திருந்தது. எனக்குக் கேட்கவே இல்லை.