கொத்தமங்கலத்துக்கு நான் போட்ட மார்க்

மார்ச் 2, திங்கள்
காலையிலேயே வெயில். ஆபீசில் ஃபேன் ஓடவில்லை. எலக்ட்ரீசியனுக்குச் சொல்ல வேண்டும்.

அறக்கட்டளைக்குப் புது மென்பொருள். அடுத்த ஐந்து வருடத்துக்குத் திட்டம் போட. நமக்கு மூன்று மையம்: காரைக்குடியில் கண் சிகிச்சை, கண்டனூரில் தையல் பயிற்சி, கொத்தமங்கலத்தில் நடக்க முடியாத பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி. எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்று அதுவே வரிசைப்படுத்துமாம். எந்த விஷயத்துக்கு எவ்வளவு மார்க் என்று நிரப்புவது என் வேலை.

வீடியோவில் பயிற்சி கொடுத்தவர், "எத்தனை பேருக்குப் பயன்ங்கிறதுக்கு அதிகமா வைங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க" என்றார். ஐந்து போட்டேன். 'வேறு வழியில்லாதவர்கள்' என்பதற்கு ஒன்று. பசி வேறு.

மார்ச் 4, புதன்
முடிவு வந்துவிட்டது. கண் பச்சை. தையல் மஞ்சள். கொத்தமங்கலம் சிவப்பு, 'நிறுத்தப் பரிசீலிக்கவும்'. அங்கே வருவது பதினொரு பிள்ளைகள்தான். ஒரு பிள்ளை எழுந்து நிற்க ஒரு வருடம் ஆகும். அதை எழுதக் கட்டமே இல்லை.

'வேறு வழியில்லாதவர்கள்' மார்க்கை ஒன்றிலிருந்து நான்காக மாற்றிப் பார்த்தேன். கொத்தமங்கலம் மஞ்சள் ஆனது. செயலாளர் பின்னால் நின்றிருக்கிறார்.
"முடிவப் பாத்துட்டு மார்க்க மாத்துறீகளேம்மா, அது சரியா?"
சரியில்லைதான். பழையபடி வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 7, சனி
கூட்டம், இருபது நிமிடம். கொத்தமங்கலம் இந்த மாதத்தோடு மூடல். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்.

செலினிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். மையம் தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள். எனக்குத் தங்கை மாதிரி.

வாங்க: து.பருப்பு, சோப்பு, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

மார்ச் 9, திங்கள்
கொத்தமங்கலம். பயிற்சி முடியும்வரை வெளியே காத்திருந்தேன். பிறகு மூடப்போவதையும் மார்க் கணக்கையும் சொன்னேன்.
"மார்க்கு யாரு போட்டதுக்கா?"
"நான்தான்."
செலின் ஒரு பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "இங்குட்டு வந்து ஒருநா பாத்துட்டுப் போட்டிருக்கலாமே. வாரேன் வாரேன்னுதான் சொன்னீக. வரவே இல்ல."
திரும்பி வரும் வழியெல்லாம் தலைவலி.

ஏப்ரல் 1, புதன்
மூடும் வேலைகளின் பட்டியலும் அந்த மென்பொருளில்தான். பயிற்சிக் கட்டில்கள் இடமாற்றம், முடிந்தது. மின் இணைப்பைத் துண்டிப்பது, முடிந்தது. செலின் வந்து சாவியை என் மேஜையில் வைத்தாள். உட்காரச் சொன்னேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா." பட்டியல் முழுவதும் பச்சை.

ஏப்ரல் 6, திங்கள்
அனல் காற்று. பதினோரு மணிக்கு ஆபீசுக்கு ஓர் அம்மா, இடுப்பில் ஆறு வயதுப் பெண் பிள்ளையோடு. காய்ச்சலென்று பிள்ளையை ஒரு மாதம் மையத்துக்குக் கொண்டுவரவில்லை. இன்று போனால் பூட்டு.
"யாரும் சொல்லலையேம்மா. எப்பத் தொறப்பீக?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்வது யார் என்று ஒரு வரியும் இல்லை. பட்டியலைப் போட்டது நான்.

"இனி திறக்கமாட்டோம்மா. சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்."
"இவளத் தூக்கிக்கிட்டா?" என்றார். அப்புறம், "சரி, நீங்க என்ன செய்வீக" என்றார்.

அவர் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். பஸ் வரவில்லை. அம்மா டிக்கெட்டுக்குச் சில்லறை தேட, பிள்ளையைக் கீழே இறக்கினார். அது என் புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.