தட்டினால் ஒலிக்காத சுவர்

அண்ணாச்சி,

உங்கள் கைத்தடி நுனியின் இரும்புப் பூண் இன்று காலை கழன்று ஆற்றுமணலில் விழுந்தது. தேடி எடுத்துவிட்டேன். அது கழன்ற விதத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நம் காலை நடைக் குழுவில் பதினோரு பேர். ஆற்றங்கரைப் பாதையையும் சேர்த்துத் தோப்புக்காரர் வேலி போட்டபின், நடக்க மிஞ்சியது வறண்ட ஆறுதான். தோப்பு முடியும்வரை இந்தக் கரையில் ஏற வழியில்லை. பாதையைத் திறந்துவிடக் கேட்டு நீங்கள் எழுதிய மனுவில் பதினோரு கையெழுத்தும் விழுந்தன. முதலில் பின்வாங்கியவர் நம் குழுவின் ஹார்டுவேர் கடைக்காரர். வேலிக்குக் குழாய் விற்றவரும் அவரே. "யாவாரத்தையும் நடையையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை. நீங்களோ மறுநாளே அவருக்கு வணக்கம் வைத்தீர்கள். அதற்காக உங்கள்மேலும் எனக்குக் கோபம்.

ஊரில் வெயில் அடிக்கும்போதே மலைமழை ஆற்றில் இறங்கிவிடும். தண்ணீருக்கு முன்னால் வரும் மக்கிய இலை வாசத்தை நீங்கள் பிடித்துவிடுவீர்கள். உடனே கைத்தடியால் வேலியின் இரும்புக் குழாயைத் தட்டுவீர்கள். கணீரென்று தோப்பின் அந்தக் கோடிவரை கேட்கும். எல்லோரும் ஓடிக் கரையேறிய பிறகு சிரிப்பீர்கள்: "ஏலே கோவக்காரா, இந்த வேலியால நமக்கு ஆன ஒரே பிரயோசனம் இதுதாம்ல."

முதல் மனு அப்படியே நின்றுபோக, இரண்டாவது மனுவில் ஹார்டுவேர்க்காரரை எப்படியோ சம்மதிக்க வைத்து, அவர் பெயரை என் பெயருக்கு மேலே எழுதினீர்கள். "அவிய வந்ததே பெருசு. மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?" என்றீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தீர்கள். மறுநாள் நான் நடக்க வரவில்லை.

அன்றைக்குத்தான் வெள்ளம் வந்தது. ஆற்றுக்குள் புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்கள் பிறகு சொன்னார்கள்: "தட்டுற சத்தங் கேட்டுத்தான் எதிர்க்கரையில ஏறுனோம். நாங்க ஏறுன பொறவும் அவிய தட்டிக்கிட்டேதான் இருந்தாவ." மூன்றாம் நாள் கைத்தடி மட்டும் முள்ளுக்குள் சிக்கிக் கிடந்தது. நீங்கள் அதற்கும் கீழே கிடந்தீர்கள்.

மனுவை நான் கொடுக்கவே இல்லை. என் பெயர் கீழே இருந்தது, அவ்வளவுதான் காரணம். அது பீரோவில் கிடக்க, வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. சிமெண்டும் அவர் கடையிலிருந்துதான் போனது. ஜனங்கள் இன்னும் ஆற்றுக்குள்தான் நடக்கிறார்கள்.

இன்று காலை ஆற்றில் இறங்கும் இடத்தில் நின்றபோது அந்த வாசம் வந்தது. ஹார்டுவேர்க்காரர் இரண்டு பேரோடு ஆற்றுக்குள் சுவரோரமாகப் பாதித் தூரம் போயிருந்தார். பழக்கத்தில் கைத்தடியை ஓங்கிச் சுவரில் அடித்தேன். பொத்தென்றது. பூண்தான் தெறித்தது. வேறு வழியில்லாமல் கத்தினேன்: "அண்ணாச்சி, திரும்புங்க! தண்ணி வருது!" உங்களைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றிருந்தேன்.

மெதுவாகத் திரும்பி வந்தார். வானத்தைப் பார்த்தார். "தண்ணி வருதோ இல்லையோ, இவரு வாயத் தொறந்ததுக்கு இன்னைக்கி நிச்சயம் மழ வரும்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

சாயங்காலம்வரை ஆற்றில் ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் மலை முழுக்க மேகத்தில் மறைந்துவிட்டது. வாசம் இப்போது வீட்டுக்குள் இருக்கிறது.

பூணை ஆணி வைத்து அடித்துவிட்டேன். மனுவையும் சட்டைப்பையில் எடுத்து வைத்தாயிற்று. நாளை ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். அதற்கு முன், விடியும்போதே அவர்கள் இறங்கும் இடத்தில் நிற்பேன். இனி நான் கத்தினால் நிற்க மாட்டார். உங்களைப்போல வணக்கம் வைத்துப் பார்க்கிறேன். யார் வைத்தாலும் நின்று பதில் வணக்கம் வைக்கிற ஆள் அவர்.

அவரை இறங்கவிடாமல் நிறுத்த அந்த அரை நிமிடம் போதுமா என்றுதான் தெரியவில்லை.